செஞ்சோற்றுக் கடன் யாருக்கு?

1941இல், தெலுக் பங்லிமா காராங்கிற்கு அண்மையிலுள்ள கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். ஆங்கிலேய அரசு படையை ஏவியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். தலைவர் ஆர். எச். நாதன் நாடுகடத்தப்பட்டார். அவ்வரசுக்கு இத்தொழிலாளர் பட்டிருந்த செஞ்சோற்றுக் கடன் யாது?

1943இல் சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத் தமிழர் திரண்டதை, ஜப்பானியருக்கு உடந்தை என்று சுருக்குவோர் இவ்வினாவை எழுப்புவதில்லை. ஆயினும் போஸுக்குத் துணைநின்ற அதே ஜப்பானியரே பல்லாயிரம் தமிழரைச் சயாம்–பர்மா மரண இரயில்பாதைக்குக் கொண்டுசென்று மடியவிட்டனர். அதற்குத் தப்பவே படையில் சேர்ந்தோரும் உண்டு. நாட்டுப்பற்று எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று யார் அளப்பார்?

பிலிப்பைன்சில் ஜப்பானியர் காலக் குடியரசின் தலைவர் லாரெல் தேசத்துரோக வழக்கைச் சந்தித்தார். 1948இல்தான் பொதுமன்னிப்பு வந்தது. மலாயாவிலோ, போஸின் இயக்கத்தில் பணியாற்றிய ஜான் திவி 1946இலேயே மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவரானார்.