கிராண்ட் கேன்யன்: இறங்கி ஏறும் நடைப்பயணம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வறண்ட பீடபூமியைக் கொலராடோ ஆறு பல இலட்சம் ஆண்டுகளாக அரித்ததால் உருவான கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கு, 446 கிலோமீட்டர் நீளமும், சில இடங்களில் 1,800 மீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் கொண்டது. அதன் தெற்கு விளிம்பிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் இறங்கி ஆற்றை அடையும் பிரைட் ஏஞ்சல் பாதையில் நடப்பவர், கடற்பஞ்சு முதலிய உயிரினங்களின் புதைபடிவங்களைக் கொண்ட, 27 கோடி ஆண்டுப் பழமையுள்ள வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல்லில் தொடங்கி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய, 170 கோடி ஆண்டுப் பழமையுள்ள கரும்பாறையில் பயணத்தை முடிக்கிறார்.

மலையேற்றத்தில் களைத்தவர் இறங்கித் திரும்பலாம். இங்கோ எளிய இறக்கம் முதலிலும், கடினமான ஏற்றம் உடல் தளர்ந்த பின்னரும் அமைவதால், இறங்குவதற்கு ஆகும் நேரத்தைப் போல் இருமடங்கு நேரத்தை ஏறுவதற்கு ஒதுக்க வேண்டும். கோடையில் பள்ளத்தாக்கின் அடிப்பகுதியில் நிழலிலேயே வெப்பம் 40 பாகை செல்சியஸைக் கடப்பதுண்டு. அப்போது உப்புள்ள உணவு எதுவும் உண்ணாமல் நீரை மட்டும் மிகுதியாகப் பருகினால், குருதியில் சோடியத்தின் அளவு குறைந்து, வாந்தியும் மனக்குழப்பமும் தோன்றி, உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆகவே, ஒரே நாளில் ஆறு வரை சென்று திரும்ப முயல வேண்டாம் என்றும், கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நடப்பதைத் தவிர்க்க வேண்டும் என்றும் இப்பள்ளத்தாக்கு அமைந்துள்ள தேசியப் பூங்காவின் நிர்வாகம் அறிவுறுத்துகிறது. அங்குச் செல்வோர் அனைவரும் இவ்வறிவுரையைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும்.