கோபுரத்தைவிடக் காதருகே கவனம் வேண்டும்

தெருவில் செல்போன் கோபுரம் எழுந்தால் புற்றுநோய் வரும் என்று மக்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் அது தவறான இடத்தில் நிற்கிறது. எக்ஸ் கதிரைப் போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறியும் ஆற்றல் ரேடியோ அலைகளுக்கு இல்லை. ஐயமற நிறுவப்பட்ட விளைவு, திசு சூடாவதுதான். உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 4 வாட் உறிஞ்சப்பட்டபோதுதான் விலங்குகளின் நடத்தையில் மாற்றம் தெரிந்தது. அதில் 50இல் ஒரு பங்கான 0.08 வாட்டையே பொதுமக்களுக்கான வரம்பாகக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் வகுத்தது. கோபுரங்களுக்கு அந்த ஆணையம் சொன்ன அளவையும் 2012 செப்டம்பரில் இந்தியா பத்தில் ஒன்றாகக் குறைத்தது: 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட்.

அப்படியானால் 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்வலைகளை, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனப்படும் 2பி பிரிவில் ஏன் சேர்த்தது? நியாயமான கேள்வி. சான்று குறைவு, ஆனாலும் ஐயத்தை முற்றிலும் விலக்க முடியவில்லை என்பதே காரணம். அதன் பிறகு, அந்நிறுவனமே கேட்டு 2024இல் வெளியான தொகுப்பாய்வு, கைபேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. எச்சரிக்கையாக இருக்க விரும்புவோர் தூரத்தைப் பார்க்கட்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் செறிவு நாலில் ஒன்றாகும். சிக்னல் மங்கினால் கைபேசி தன் சக்தியைக் கூட்டிக்கொள்கிறது. ஆகவே கோபுரத்தை விரட்டினால் காதருகே கதிர்வீச்சு கூடவே செய்யும். சிக்னல் குறைந்த இடத்தில் நீண்ட பேச்சைத் தவிருங்கள். ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசுங்கள். கோபுரத்தின் மீது ஐயமிருந்தால் தொலைத்தொடர்புத் துறையிடம் அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.