ஸ்பார்க் பிளக்கின் நிறம் பார்த்து எஞ்சின் கோளாறைக் கண்டுபிடிக்கலாம்

கொற்கை, ஏரல், ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் பிசான நெல்லுக்கோ வாழைக்கோ மருந்து அடிக்கும் நேரத்தில் விசைத்தெளிப்பான் நின்றுபோனால் என்ன பாடு என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கலக்கிய மருந்து டேங்கில் கிடக்கும். கூலிக்கு வந்தவர் வரப்பில் உட்கார்ந்திருப்பார். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் ஓய்ந்த பிறகு கருவியை பைக்கில் கட்டிக்கொண்டு மெக்கானிக்கைத் தேடிப் போவதுதான் வழக்கம். அதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பாதிக் கோளாறுகளுக்கு விடை அதிலேயே இருக்கும்.

பிளக்கின் முனை சிலிண்டருக்கு உள்ளே இருப்பதால், அங்கே பெட்ரோல் எப்படி எரிகிறது என்பது அதன் மேல் படிந்துவிடும். முனையின் வெப்பம் சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் படிந்த கரி தானாகவே எரிந்து போகும். 850 டிகிரியைத் தாண்டினால் தீப்பொறி வருவதற்கு முன்பே முனையின் சூட்டில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும். எஞ்சினுக்கு நல்லது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலைதான்.

இங்கே சொல்வது பெட்ரோலில் ஓடும் முதுகுத் தெளிப்பான், புல்வெட்டும் கருவி, சிறிய களையெடுப்பான், பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெய் பம்புசெட் ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்தும். டிராக்டரிலும் டீசல் பம்புசெட்டிலும் டீசல் பவர் டில்லரிலும் ஸ்பார்க் பிளக் கிடையாது. அவற்றில் புகையின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கழற்றும் முறை

வெறுமனே ஓடவிட்டு நிறுத்திய எஞ்சினில் பிளக் கறுப்பாகத்தான் தெரியும். அதை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. முடிந்தவரை வேலை செய்துகொண்டிருக்கும்போதே சுவிட்சை நிறுத்தி, சூடு ஆறிய பிறகு கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் ரப்பர் மூடியைப் பிடித்து இழுக்க வேண்டும். பிளக்கைச் சுற்றியிருக்கும் மண்ணை முதலில் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஒரு மணல்துகள் உள்ளே விழுந்தாலும் பிஸ்டனில் கீறல் விழும். மருந்து பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நிறம் சொல்லும் சேதி

பீங்கான் முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருந்தால் எஞ்சின் நலம். ஆயில் கலந்து ஓடும் 2 ஸ்ட்ரோக் எஞ்சினில் காப்பிப்பொடி நிறம் வரை இருக்கலாம், கவலை வேண்டாம்.

விரலில் ஒட்டும் உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு என்று பொருள். சோக்கைத் திறக்க மறந்திருப்பீர்கள், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும். வைக்கோல் தூசியும் வாழைச் சருகுத் தூளும் இருக்கும் இடத்தில் ஃபில்டர் சீக்கிரம் அடைபடும். ஸ்பாஞ்சு ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, கையேட்டில் சொல்லியிருந்தால் ஒரு சொட்டு ஆயில் தடவி மாட்டுங்கள். காகித ஃபில்டரை நனைக்கக் கூடாது.

கரி ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்குடன் இருந்தால் முதலில் 2 ஸ்ட்ரோக்கா, 4 ஸ்ட்ரோக்கா என்று பாருங்கள். 2 ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் ஆயில் கலந்த அளவுதான் தவறு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. என்றால் 50க்கு 1; 40 மி.லி. என்றால் 25க்கு 1. எது வேண்டும் என்பது கருவிக்குக் கருவி மாறும், டேங்க் மூடியிலோ கையேட்டிலோ போட்டிருக்கும். குத்துமதிப்பாக ஊற்றும் பழக்கம்தான் நம் பகுதியில் பிளக்குகளைக் கெடுக்கிறது. அளவு மூடி வாங்கினால் சில ரூபாயில் முடியும். 4 ஸ்ட்ரோக் களையெடுப்பானைக் கழுவுவதற்காகத் தப்பான பக்கம் சாய்த்தாலும் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கும். சாய்க்காமலே, பிளக்கைத் துடைத்துப் போட்ட பிறகும் திரும்பத் திரும்ப எண்ணெய் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

பெட்ரோல் வாசனையோடு நனைந்து மட்டும் இருந்தால் எஞ்சின் பெட்ரோல் குடித்திருக்கிறது, அல்லது தீப்பொறியே வரவில்லை. சோக்கைத் திறந்து, பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றை ஐந்தாறு முறை இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். உடனே தீப்பொறி சோதனை செய்ய வேண்டாம். சிந்திய பெட்ரோல் பற்றிக்கொள்ளும்.

நான் உங்களைப் பயப்படச் சொல்வது கறுப்பு பிளக்கைப் பார்த்தல்ல, வெள்ளை பிளக்கைப் பார்த்து. பீங்கான் சுண்ணாம்பு போல வெளுத்து, கொப்புளம் தட்டி, மின்முனை உருகியது போல இருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. ஆபத்து என்னவென்றால், இந்த நிலையில் எஞ்சின் நன்றாகவே, சில சமயம் வழக்கத்தைவிட விறுவிறுப்பாகவே ஓடுவது போலத் தெரியும். 2 ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் இறுகி நின்றுவிடும். பிறகு சிலிண்டர் செட் மாற்ற வேண்டியதுதான். எனவே டேங்கிலுள்ள பெட்ரோல் ஃபில்டர், கார்புரேட்டர் ஜெட், கார்புரேட்டர் கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு, சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் தகடுகளில் அடைந்த சருகு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டேங்க் மூடியில் ஒரு சின்ன காற்றுத் துளை உண்டு. அது அடைத்தாலும் பெட்ரோல் இறங்காது. கால் மணி நேரம் ஓடி நின்றுபோய், மூடியைத் திறந்து மூடியதும் மறுபடி ஓடினால் கோளாறு அந்தத் துளையில்தான். இதைக் கவனிக்காமல் கார்புரேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

வெள்ளி நிறத்தில் பொடிப்பொடியாகத் துகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அதற்கு மேல் ஒருமுறைகூடக் கயிற்றை இழுக்காதீர்கள்.

தண்ணீர் புகுந்தால்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பகுதி மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. தாமிரபரணி வெள்ளம் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகளைச் சூழ்ந்தது. வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினை எடுத்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீரை அழுத்த முடியாது. இணைப்புத் தண்டு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, துளையைக் கீழே பார்க்கத் திருப்பி, மெதுவாகச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். பெட்ரோலை முழுவதும் கொட்டிவிடுங்கள். 4 ஸ்ட்ரோக் என்றால் ஆயிலையும் மாற்றுங்கள்.

வெள்ளம் வராமலே தண்ணீர் சேரும் வழி ஒன்று உண்டு. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கார் சாகுபடி முடிந்து டேங்கில் விட்டுவைத்த பெட்ரோல் பிசானத்தில் தொந்தரவு கொடுப்பது இதனால்தான். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து நிற்கும் வரை ஓடவிட்டு வையுங்கள்.

புதிய பிளக் வாங்கும்போது

மரை பொருந்துகிறது என்பதற்காக எதையும் மாட்டாதீர்கள். மரை நீளம் கூடினால் பிஸ்டன் வந்து முட்டும். எண்ணிலும் குழப்பம் உண்டு. என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த வகை. பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான வகை. ஒரு கம்பெனிக்குப் பதில் இன்னொன்று வாங்கும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள். பழைய பிளக்கையே கடைக்கு எடுத்துச் சென்று, ஈடான வகையைக் கேளுங்கள்.

இடைவெளி பல சிறிய எஞ்சின்களுக்கு 0.6 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும், உங்கள் கருவிக்கு உரியதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பிளேடால் பீங்கானைச் சுரண்ட வேண்டாம். கையால் கடைசி வரை திருகி, வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் புதிய பிளக் என்றால் அரைச் சுற்று, பழையது என்றால் கால் சுற்றுக்குள் நிறுத்துங்கள். தலைப்பகுதி அலுமினியம் என்பதால் முரட்டுத்தனமாக முறுக்கினால் மரை போய்விடும்.

மெக்கானிக்கிடம் போகத்தான் வேண்டும் என்றால், பிளக்கைத் துடைக்காமல் கழற்றியபடியே காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். துடைத்த பிளக்கிலிருந்து அவருக்கு ஒன்றும் தெரியாது.