கடைமடைக்காரரின் கேள்வி

"சொன்னபடி நடந்தா ஆண்டவர் காப்பாத்துவார்னு ஃபாதர் சொல்றார். அப்ப, சுனாமியில வேளாங்கண்ணியில செத்தவங்கல்லாம் சொன்னபடி நடக்காதவங்களா, தம்பி?"

டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார் அவர். திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடையில் ஒன்பது மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போடுகிறவர்.

லேசான கேள்வி இல்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கியிருந்தவர்கள் காலையில் கடற்கரையில் நின்றார்கள். பேராலயம் தப்பியது, கரையில் நின்ற நூற்றுக்கணக்கானோர் தப்பவில்லை. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அவருக்குப் பழகிய குத்தகையிலிருந்தே தொடங்கினேன். நெல்லை அளந்தால்தான் நிலம் நம் கையில் இருக்கும். கீழ்ப்படிதலையும் நாம் அப்படித்தான் எண்ணிக்கொள்கிறோம்: நான் அளந்துவிட்டேன், இனிக் காப்பாற்றுவது உம் பொறுப்பு. ஆனால் விவிலியத்தில் வரிசை வேறு. விடுதலைப் பயண நூலில் மக்கள் செங்கடலைக் கடப்பது 14ஆம் அதிகாரத்தில். பத்துக் கட்டளைகள் வருவது 20இல். கட்டளைகளைச் சொல்லும் முன்பே, அடிமைத்தனத்திலிருந்து உங்களைக் கூட்டிவந்தவர் நான் என்று கடவுள் நினைவூட்டிவிடுகிறார். மீட்பு முதலில், கட்டளை பிறகு. மீட்கப்பட்டவர்கள் காட்டும் நன்றிதான் கீழ்ப்படிதல். மீட்புக்குக் கொடுத்த விலை அல்ல.

"ஆனா, கீழ்ப்படிஞ்சா மழை பெய்யும்னும் எழுதியிருக்கே?"

எழுதியிருக்கிறது, இணைச்சட்டம் 11இல். நம் டெல்டாக்காரர்கள் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதி அது. எகிப்தில் அந்த மக்கள் விதைத்துவிட்டுத் தாங்களே வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். போகப்போகும் கானானோ மலையும் பள்ளத்தாக்கும். வானம் பார்த்த பூமி. ஆண்டவர் சொல் கேட்டால் முன்மாரியும் பின்மாரியும் வரும், மறந்தால் வானம் அடைத்துக்கொள்ளும் என்கிறது அது.

"நம்ம ஊரு எகிப்து மாதிரில்ல?" என்றார். பாதி எகிப்து, பாதி கானான் என்றேன். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை வந்து பிரிந்தால்தான் குறுவை. கடைமடைச் சம்பாவுக்கோ ஐப்பசி மழையும் வேண்டும்.

அந்த வாக்குறுதி ஒரு மக்களினம் முழுவதற்கும் சொல்லப்பட்டது. ஆளுக்கு ஆள் எழுதிய கணக்கு அல்ல. வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். ஊரே தூர்வாராமல் விட்டால் ஊருக்கே தண்ணீர் வராது. அது உண்மை. அதற்காக, ஒருவர் வயல் காய்ந்து கிடப்பதைப் பார்த்து, "இவன் மண்வெட்டியே எடுக்கவில்லை" என்று சொல்ல முடியுமா?

"சொன்னா அடிக்க வருவேன்" என்று சிரித்தார். போன சாகுபடியில் தூர்வாரியும் தண்ணீர் காணாதவர் அவர்.

இயேசுவும் இதைத்தான் சொன்னார். லூக்கா 13இல், சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேசுகிறார். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொல்கிறார். அதோடு விடாமல், மனம் மாறுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்புகிறார். வேளாங்கண்ணிக் கேள்விக்கும் அந்த 'இல்லை'தான் பதில்.

திருத்தூதர் பணிகள் 12இல் ஏரோது யாக்கோபை வாளால் கொல்கிறான்; பேதுருவை வானதூதர் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறார். இருவருமே சொன்னபடி நடந்த சீடர்கள். ஏன் ஒருவருக்கு அப்படி, ஒருவருக்கு இப்படி என்று அந்த நூல் விளக்கவில்லை. கடவுளின் இறையாண்மை என்பது இதுதான்: மதகு ஷட்டரின் சாவி நம்மிடம் இல்லை. தானியேல் நூலில், தீச்சூளை முன் நின்ற மூன்று இளைஞர்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள். எங்கள் கடவுளால் காப்பாற்ற முடியும், காப்பாற்றாவிட்டாலும் உம் சிலையை வணங்கமாட்டோம் என்று அரசனிடமே சொன்னார்கள்.

"அப்ப எதுக்குத்தான் கீழ்ப்படியணும்?"

எபிரேயத்தில் 'ஷமா' என்றால் கேட்பது. கீழ்ப்படிவதற்கும் அதே சொல்தான். நாமும் "பிள்ளை பேச்சு கேட்கிறானா?" என்றுதானே விசாரிக்கிறோம்? அப்பா சொல்வதைப் பிள்ளை கேட்பது கூலிக்காக அல்ல, அவர் அப்பா என்பதற்காக.

அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். வாய்க்காலில் கோரை மண்டிக் கிடக்கிறதாம். தண்ணீர் வருமோ வராதோ, வெட்டியாக வேண்டும். நீங்களும் உங்கள் வாய்க்காலை வெட்டுங்கள். அடுத்தவர் வயல் காய்ந்ததற்குக் காரணம் மட்டும் சொல்லாதீர்கள்.