தண்ணீரைத் துரத்தும் படகுத்துறை

அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்தை ஒட்டிய மீட் ஏரிக்குப் படகோடு வருகிறவர்கள், வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே இரண்டு விஷயங்களை விசாரித்துக்கொள்வார்கள்: காற்று எப்படி, நீர்மட்டம் எவ்வளவு. காற்று சாயங்காலம் அடங்கிவிடலாம். நீர்மட்டத்தோடு மல்லுக்கட்டுவதற்கு மட்டும் அங்கே ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும்.

கொலராடோ ஆற்றின் குறுக்கே 1935இல் கட்டி முடித்த ஹூவர் அணைதான் இந்த ஏரியைத் தேக்கி வைத்திருக்கிறது. மேட்டூர் அணையில் 120 அடி என்றால் அணையின் அடியிலிருந்து அளந்த கணக்கு. மீட் ஏரியிலோ கடல்மட்டத்திலிருந்து அளக்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மீட் ஏரி சுமார் 1,214 அடியில் இருந்தது. 2022 ஜூலையில் சுமார் 1,041 அடி. ஆற்றுக்கு நீர் தரும் ராக்கி மலையின் பனி குறைந்தது ஒரு காரணம். ஆறு தருவதைவிட அதிகமாகவே அதைப் பங்கு போட்டு வைத்திருந்தது இன்னொன்று. போதாக்குறைக்கு, கீழே கலிஃபோர்னியா, அரிசோனா வயல்கள் தண்ணீர் கேட்பதும் கோடையில், படகுக்காரர்கள் திரள்வதும் கோடையில்.

அங்கே பெரும்பாலான படகுகள் டிரெய்லரில் ஏறித்தான் ஏரிக்கு வருகின்றன. கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கிப் போகும் கான்கிரீட் சாய்தளத்தில் வண்டியைப் பின்பக்கமாக விடுவார்கள். டிரெய்லரின் சக்கரங்கள் மூழ்கியதும் படகு தானாக மிதக்கும். கயிற்றைப் பிடித்து ஓரம் இழுத்துவிட்டு வண்டியை மேலே ஏற்றிவிடுவார்கள். ஐந்து நிமிட வேலைதான், கான்கிரீட் தண்ணீருக்கடியிலும் போதுமான தூரம் இருக்கும்வரை. அது முடிகிற இடம் மேலிருந்து தெரியாது. சக்கரம் அந்த விளிம்பைத் தாண்டி விழுந்தால் அச்சு மாட்டிக்கொள்ளும். படகை டிரெய்லரில் ஏற்ற எஞ்சினை முடுக்குகிறவர்களால் இன்னொரு தொல்லை: புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் விளிம்புக்குக் கீழே உள்ள மண்ணை அரித்துப் பள்ளம் பறித்துவிடும்.

எட்டடி போனால் ஓரடி இறங்குகிற சாய்தளம் என்று வையுங்கள். நீர்மட்டம் 173 அடி இறங்கினால் சாய்தளத்தை ஏறத்தாழ 1,400 அடி நீட்ட வேண்டும். இது திட்டமிட்டுப் போட்ட சரிவின் கணக்கு. ஐம்பதடிக்கு ஓரடி என்று சாய்ந்து கிடக்கும் தட்டையான கரையில் தண்ணீர் ஓரடி இறங்கினாலே கரை ஐம்பதடி விலகிவிடும். ஏரியின் சாய்தளங்களைப் பராமரிக்கும் பூங்காத் துறையினர் கான்கிரீட்டை நீட்டிப் பார்த்தார்கள். அவசரத்துக்கு இரும்புக் குழாய்களை வரிசையாகக் கோத்துச் சேற்றின்மேல் விரித்தும் பார்த்தார்கள். 2022 கோடையில் கான்கிரீட் சாய்தளங்களில் ஹெமன்வே துறை மட்டும்தான் தாக்குப்பிடித்தது.

எனக்கு இதில் அதிகம் பிடித்தது மரீனாக்கள் எனும் மிதக்கும் படகுத்துறைகளின் கதை. நூற்றுக்கணக்கான படகுகள் கட்டியிருக்கும் நடைமேடைகள், கடை, பெட்ரோல் பங்க் எல்லாமே மிதவைகள்மேல் நிற்பவை. அவற்றை இடத்தில் நிறுத்துபவை இரும்புக் கேபிள்கள். ஒரு முனை ஏரியின் அடியில் கிடக்கும் கான்கிரீட் பாளங்களில், மறுமுனை மேடையிலுள்ள, கேபிளைச் சுற்றி இழுக்கும் விஞ்சில். மட்டம் இறங்கினால் கேபிள் தொய்யும், மேடை காற்றுக்கு அலையும். ஊழியர்கள் ஒவ்வொரு விஞ்சாகப் போய்ச் சுற்றி இறுக்குவார்கள். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் மேடை கோணிக்கொள்ளும். கரையிலிருந்து வரும் மின்கம்பி, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், எரிபொருள் குழாய் எல்லாமும் மேடையைத் தொடர்ந்து நீள வேண்டும். நீட்டியும் பயனில்லாதபோது லாஸ் வேகாஸ் பே, ஓவர்டன் பீச், எக்கோ பே ஆகிய இடங்களிலிருந்து மரீனாக்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

தண்ணீரில் இறங்கிய பிறகும் நிம்மதியில்லை. போன கோடையில் முப்பதடி ஆழத்தில் கிடந்த பாறை இந்தக் கோடையில் புரொப்பெல்லருக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். எச்சரிக்கை மிதவைகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய வரைபடத்தை நம்பி வேகமெடுப்பது மடத்தனம்.

மட்டம் ஏறினால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்கலாம். 2023இல் மலையில் நல்ல பனி விழுந்து ஏரி கொஞ்சம் ஏறியது. ஏறும்போது கேபிள்களைத் தளர்த்தாவிட்டால் அவை மேடையைக் கீழே பிடித்து இழுக்கும். புதிதாய் மூழ்கிய சாய்தளத்தில் வண்டலும் வேரோடு வந்த புதரும் படிந்திருக்கும். விஞ்சைச் சுற்றுகிறவர்களுக்கு அதே வேலைதான், எதிர்த்திசையில்.