சாலையில் பிறந்த இசை – 7: ஐபேடில் எழுதிய பயணக் குறிப்பு

சென்ற வாரம் பார்த்த ஜாக்சன் பிரவுனின் ‘ரன்னிங் ஆன் எம்ப்டி’ 1977இல் மேடையிலும் ஹோட்டல் அறையிலும் ஓடும் பேருந்திலும் பதிவானது. அதற்கு வாத்தியக்காரர்கள், ஒலிப்பதிவாளர்கள், டேப் கருவிகள் என ஒரு படையே உடன் போக வேண்டியிருந்தது. முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து டேமன் ஆல்பர்ன் அதே அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓர் ஆல்பத்தை உருவாக்கியபோது, பெரும்பாலான வேலை ஒரே ஒரு ஐபேடில் முடிந்தது. ஆல்பத்தின் பெயர் ‘தி ஃபால்’. ‘கொரில்லாஸ்’ குழுவின் ஆல்பங்களில் இத்தனை வாக்குவாதத்தைக் கிளப்பியவை குறைவு.

கொரில்லாஸ் ஒரு விசித்திரமான குழு. ‘பிளர்’ குழுவின் பாடகரான ஆல்பர்னும் கார்ட்டூன் ஓவியர் ஜேமி ஹியூலெட்டும் 1998இல் சேர்ந்து தொடங்கியது. டூ-டி, மர்டாக், நூடுல், ரஸ்ஸல் என்ற நான்கு கார்ட்டூன் பாத்திரங்கள்தான் அதன் முகம். தொடக்க காலக் கச்சேரிகளில் நிஜ இசைக்கலைஞர்கள் திரைக்குப் பின்னால் நின்றே வாசித்தார்கள். அந்தத் திரையை முழுசாக விலக்கியது 2010ஆம் ஆண்டின் உலகச் சுற்றுப்பயணம்.

அந்த ஆண்டு மார்ச்சில் வெளியான ‘பிளாஸ்டிக் பீச்’ ஒரு பிரமாண்டம். ஸ்னூப் டாக், லூ ரீட், பாபி வோமாக், டி லா சோல் என்று நட்சத்திரப் பட்டாளம். போதாததற்கு லெபனான் நாட்டின் அரபு இசைக் குழு. அதை மேடையேற்ற ஆல்பர்ன் ஒரு பெரிய கூட்டத்தையே அழைத்துக்கொண்டு கிளம்பினார். ‘தி கிளாஷ்’ குழுவில் 1983இல் பிரிந்துபோன மிக் ஜோன்ஸும் பால் சிமனனும் அதே மேடையில் மறுபடி தோளோடு தோள் நின்றார்கள். ஜூலையில் சிரியாவின் டமாஸ்கஸ் கோட்டைக்குள் கச்சேரி. அக்டோபரில் வட அமெரிக்கா.

இரவில் இரண்டு மணி நேரம் ஆரவாரம். மிச்ச நேரமெல்லாம் பயணமும் ஹோட்டல் அறையும் காத்திருப்பும்தான். அந்த மிச்ச நேரத்தில்தான் ஆல்பர்ன் ஐபேடைத் திறந்தார். அக்டோபர் 3 அன்று கனடாவின் மாண்ட்ரியலில் தொடங்கிய வேலை, சுற்றுப்பயணம் மேற்குக் கரையைத் தொட்டபோது, சுமார் ஒரு மாதத்தில், பதினைந்து தடங்களாக நிறைந்திருந்தது. பாதிப் பெயர்கள் வரைபடத்திலிருந்து நேராக வந்தவை: டெட்ராய்ட், டல்லஸ், அமரில்லோ, பீனிக்ஸ், கலிஃபோர்னியா, சியாட்டில்.

அன்றைய ஐபேடின் நிலையை நினைவில் வைத்துக்கொண்டால்தான் இந்த ஆல்பத்தின் ஒலி புரியும். அந்தக் கருவி கடைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆப்பிளின் ‘கராஜ்பேண்ட்’ ஐபேடுக்கு வந்தது 2011 மார்ச்சில். ஒரே சமயத்தில் பல செயலிகளை இயக்கும் வசதியே 2010 நவம்பர் கடைசியில்தான், அதாவது பதிவு முடிந்த பிறகுதான் கிடைத்தது. ஆகவே ஒன்றை மூடிவிட்டுத்தான் இன்னொன்றைத் திறக்க முடியும். தாளத்துக்கு ஒரு செயலி, பேஸுக்கு ஒன்று, கிதாருக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்து அடுக்க வேண்டும். கோர்க் நிறுவனத்தின் ‘ஐ-எலெக்ட்ரைப்’ திரையில் வரிசையாகப் பதினாறு கட்டங்கள் இருக்கும். விரலால் எந்தக் கட்டத்தைத் தொடுகிறோமோ அங்கே அடி விழும், வரிசை முடிந்ததும் சுழன்று மறுபடி வரும். ‘ஃபங்க்பாக்ஸ்’ பழைய டிரம் மெஷின்களின் ஓசையைத் தரும். இந்த ஆல்பத்தில் கேட்கும் இடைவெளிகள், சுற்றிச் சுற்றி வரும் தாளங்கள், மெலிந்த பேஸ் எல்லாம் அந்த வேலை முறையிலிருந்தே வந்தவை.

2010 கிறிஸ்துமஸ் அன்று ஆல்பம் இணையத்தில் வெளியானது. ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கு இலவசப் பதிவிறக்கம், மற்றவர்கள் கேட்டுக்கொள்ளலாம். புத்தாண்டு வரை வைத்திருந்தால் பிற்பாடு ஸ்டுடியோவில் மெருகேற்றிவிட்டார் என்று சந்தேகிப்பார்கள் என்பதே அவசரத்துக்கு ஆல்பர்ன் சொன்ன காரணம். கடைகளுக்கு வந்தது அடுத்த ஏப்ரலில்.

கேட்டவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு தரப்புக்கு இது அரைகுறை வேலை: பாட்டாக உருவெடுக்காத துணுக்குகள், நோட்டுப்புத்தகத்திலேயே இருந்திருக்க வேண்டிய கிறுக்கல்கள், கொரில்லாஸ் பெயரைத் தாங்கிய ஆல்பர்னின் தனி ஆல்பம். இன்னொரு தரப்புக்கு இது அந்தரங்கமான நாட்குறிப்பு; கார்ட்டூன் முகமூடி இல்லாமல் ஆல்பர்னை இத்தனை அருகில் கேட்டதே இல்லை என்று கொண்டாடினார்கள். ஒன்பது மாதத்துக்கு முன் கல்யாண விருந்து சாப்பிட்ட இலையில் மோரும் சோறும் விழுந்தால் ஏற்படும் ஏமாற்றம் முதல் தரப்பினருடையது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ‘டெட்ராய்ட்’, ‘தி ஸ்நேக் இன் டல்லஸ்’ போன்ற தடங்கள் ஒரு நல்ல தொடக்கத்தோடு நின்றுவிடுகின்றன. கடைசியாக வரும் ‘சியாட்டில் யோடல்’ ஒரு நிமிடம்கூட ஓடாது.

ஆனால் இரு தரப்புமே ஐபேடைப் பற்றிப் பேசிய அளவுக்கு ஆல்பத்தைப் பற்றிப் பேசவில்லை. ஐபேடில் செய்ததால் மட்டம் என்பதும் ஐபேடில் செய்ததால் அற்புதம் என்பதும் ஒரே தவறின் இரு முனைகள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தந்த ஊரில் அந்தந்த நாளில் இருந்த மனநிலை ஒலியில் பதிந்திருக்கிறதா?

பல இடங்களில் அழுத்தமாகவே பதிந்திருக்கிறது. ஹூஸ்டனில் உருவான ‘தி பாரிஷ் ஆஃப் ஸ்பேஸ் டஸ்ட்’டில் உள்ளூர் வானொலியின் துணுக்குகள் வந்து போகின்றன, ஊர் தெரியாதவன் வண்டியில் உட்கார்ந்து அலைவரிசை மாற்றும்போது கேட்கும் அந்நியக் குரல்கள் அவை. ‘தி ஸ்பீக் இட் மவுண்டன்ஸ்’ தடத்தில் எழுத்தை வாசித்துக்காட்டும் செயலியின் உணர்ச்சியற்ற குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பேசுகின்றன. ‘அமரில்லோ’வில் ஆல்பர்ன் களைத்த குரலில், அவசரமே இல்லாமல் பாடுகிறார். டெக்சஸின் வெட்டவெளியைக் கடப்பவரின் தனிமை அதில் அப்பட்டமாக இருக்கிறது. ஸ்டுடியோவில் நான்கு பின்னணிக் குரல்களைச் சேர்த்திருந்தால் அந்தத் தனிமை ஓடிப்போயிருக்கும்.

எல்லாமே கருவியின் தயவும் அல்ல. ‘ஆஸ்பென் ஃபாரஸ்ட்’டில் சிமனனின் பேஸும் கானூன் என்ற அரபு நரம்பு வாத்தியமும் ஒலிக்கின்றன. ‘பாபி இன் பீனிக்ஸ்’ இன்னும் எளிமையானது. அறுபத்தாறு வயது சோல் பாடகர் பாபி வோமாக் கிதாரோடு பாடுகிறார். மின்னணு ஓசைகள் பக்கத்தில் ஒதுங்கி நிற்கின்றன. நீண்ட காலம் ஒதுங்கியிருந்து ‘பிளாஸ்டிக் பீச்’ மூலம் திரும்பி வந்தவர் அவர். 2012இல் வெளியான அவருடைய ‘தி பிரேவஸ்ட் மேன் இன் தி யூனிவர்ஸ்’ ஆல்பத்தை ரிச்சர்ட் ரஸ்ஸலுடன் சேர்ந்து தயாரித்தவர் ஆல்பர்ன். அங்கும் அதே பாணிதான்: முதிர்ந்த குரலைச் சுற்றிச் சிக்கனமான மின்னணு ஒலி.

துணுக்குகளை வெளியிட்டு ஆல்பர்ன் திட்டு வாங்கியது இது முதல் தடவையும் அல்ல. 2003இல் பிளர் குழுவோடு அமெரிக்காவைச் சுற்றியபோது ஹோட்டல் அறைகளில் பதிவுசெய்த மாதிரிப் பாடல்களை ‘டெமாக்ரேஸி’ என்ற பெயரில் ஐயாயிரம் இசைத்தட்டுகளாக மட்டும் வெளியிட்டார். இதையெல்லாம் விற்கலாமா என்று விமர்சகர்கள் கடிந்துகொண்டார்கள். அதிலிருந்த ‘ஐ நீட் எ கன்’ என்ற மாதிரிதான் இரண்டு ஆண்டுகளில் குழந்தைகளின் கோரஸும் ராப்பும் சேர்ந்து, கொரில்லாஸின் புகழ்பெற்ற ‘டர்ட்டி ஹாரி’ ஆனது.

‘தி ஃபால்’ துணுக்குகளுக்கு அப்படி ஒரு மறுபிறவி கிடைக்கவில்லை. ஆனால் அந்த வேலை முறை நிலைத்தது. 2017 சுற்றுப்பயணத்தில் சாலையில் முளைத்த மெட்டுகளை ஆல்பர்ன் இந்த முறை அப்படியே வெளியிடாமல் லண்டன் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய், தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஃபோர்டோடு உட்கார்ந்து பாட்டாக்கினார். 2018 ஜூனில் வந்த அந்த ‘தி நவ் நவ்’ ஆல்பத்தில் விருந்தினர்கள் மூவர் மட்டுமே. பாடல் பெயர்களில் மறுபடியும் அமெரிக்க வரைபடம்: ஐடஹோ, கேன்சஸ், ஹாலிவுட்.

அடுத்த வாரம்: கச்சேரிக்கு முன் ஒலி சரிபார்க்கும் நேரத்தையே பதிவுக்கூடமாக்கிய ஆர்.இ.எம். குழுவின் 1996 ஆல்பம், ‘நியூ அட்வென்ச்சர்ஸ் இன் ஹை-ஃபை’.

(தொடரும்)