குட்டிச் சொல்லில்தான் இருக்கிறது சூட்சுமம்!

"அம்மா, 'ரன்'னா ஓடறது. 'அவுட்'னா வெளியே. அப்போ 'த மில்க் ஹேஸ் ரன் அவுட்'னா பால் வெளியே ஓடிப் போச்சா?"

அடுப்பில் குழம்பு கொதிக்கும் நேரத்தில், ஹோம்வொர்க் நோட்டும் கையுமாய்ப் பிள்ளை இப்படி வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? பால் ஓடவில்லை, தீர்ந்து போச்சு, அவ்வளவுதான். பொங்கி வழிந்திருந்தால் அதற்கு வேறு சொல் இருக்கிறது: 'பாயில்ட் ஓவர்'.

'ரன் அவுட்', 'கம் டௌன்', 'கோ ஆஃப்' என்று ஒரு சாதாரண வினையோடு ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு வரும் இந்த ஜோடிகள் நமக்கு மட்டும் தலைவலி என்று நினைக்காதீர்கள். 1755-ல் லண்டனில் பெரிய ஆங்கில அகராதியை வெளியிட்டாரே சாமுவேல் ஜான்சன், அவரே தம் முன்னுரையில், அயல்நாட்டாருக்கு அதிகச் சிரமம் தருவது இந்த வகைச் சொற்கள்தான் என்று எழுதி வைத்திருக்கிறார். இவற்றுக்கு 'ஃப்ரேஸல் வெர்ப்' என்ற பெயர் அச்சேறியது 1925-ல், லோகன் பியர்ஸால் ஸ்மித் எழுதிய ஒரு புத்தகத்தில். யோசித்துக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி. பெயர் கிடக்கட்டும், விஷயத்துக்கு வருவோம்.

தமிழில் எந்தப் பக்கம் போகிறோம் என்பதை வினைச்சொல்லே சொல்லிவிடும். 'ஏறு' என்றால் மேலே. 'இறங்கு' என்றால் கீழே. 'நுழை' என்றாலே உள்ளேதான். ஆங்கிலக்காரர்கள் வழி வேறு. எப்படி அசைந்தான் (நடந்தானா, ஓடினானா, தவழ்ந்தானா) என்பதை வினை சொல்லும். எந்தப் பக்கம் என்பதைக் குட்டிச் சொல் சொல்லும். லெனார்டு டால்மி என்ற அமெரிக்க மொழியியல் அறிஞர் உலக மொழிகளை இந்த விதத்தில் இரண்டாகப் பிரித்தபோது, தமிழையும் ஜப்பானிய மொழியையும் ஒரு பக்கம் வைத்தார். ஆங்கிலம் மறு பக்கம்.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரிதான். ஏனென்றால் மாற்றிச் சொல்ல ஒரு சுலபமான வழி கிடைத்துவிடுகிறது. ஆங்கிலத்தின் குட்டிச் சொல்லைத் தமிழில் முக்கிய வினையாக்குங்கள். ஆங்கில வினையை அதற்கு முன்னால் வையுங்கள். 'ஹி ரேன் அப் த ஸ்டெப்ஸ்': படியில் ஓடி ஏறினான். 'அப்' என்பதுதான் 'ஏறினான்' ஆகிவிட்டது, கவனித்தீர்களா? 'ஷி ஸ்வேம் அக்ராஸ் த ரிவர்': ஆற்றை நீந்திக் கடந்தாள். 'த பேபி க்ரால்ட் இன்ட்டு த கிச்சன்': பாப்பா தவழ்ந்து சமையலறைக்குள் நுழைந்தது. 'த பேர்ட் ஃப்ளூ அவே': பறவை பறந்து போய்விட்டது. அந்தப் 'போய்விட்டது'தான் 'அவே'.

அதனால்தான் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு டிக்ஷனரியைப் பார்த்து அர்த்தம் எழுதி மனப்பாடம் செய்ய வைப்பதில் பிரயோஜனம் இல்லை. ஒரு பந்தைக் கையில் எடுங்கள். கட்டிலுக்கு அடியில் உருட்டினால் 'அண்டர்', மேலே எறிந்தால் 'அப்', கூடையில் போட்டால் 'இன்', எடுத்தால் 'அவுட்'. மூன்று வயதுக் குழந்தைகூடப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்த சந்தேகம், இந்த 'இட்' எங்கே வரவேண்டும் என்பது. 'பிக் அப் த டாய்' என்றும் சொல்லலாம், 'பிக் த டாய் அப்' என்றும் சொல்லலாம். ஆனால் 'இட்' போட்டால் 'பிக் இட் அப்' ஒன்றுதான் சரி. 'பிக் அப் இட்' தப்பு. பஸ்ஸுக்கு மட்டும் ஏன் 'கெட் ஆஃப் இட்'? நகருவது எது என்று பாருங்கள். பொம்மையை எடுத்தால் மேலே வருவது பொம்மை. ஆகவே 'இட்' நடுவில். பஸ்ஸிலிருந்து இறங்கினால் பஸ் நகரவில்லை, நாம்தான் இறங்குகிறோம். ஆகவே 'இட்' கடைசியில். 'டேக் இட் அவுட்', 'த்ரோ இட் அவே', 'புட் இட் டௌன்' எல்லாம் பொம்மைக் கட்சி. 'க்ளைம்ப் ஓவர் இட்', 'கோ த்ரூ இட்' எல்லாம் பஸ் கட்சி. எல்லா இடத்துக்கும் பொருந்தாவிட்டாலும் வீட்டுப் பேச்சில் பெரும்பாலும் பொருந்தும்.

பஸ் என்றதும் இன்னொன்று. நாமெல்லாம் 'கெட் டௌன் ஃப்ரம் த பஸ்' என்கிறோம். 'இறங்கு' என்பதை அப்படியே பெயர்த்த இங்கிலீஷ் இது. நம் ஊரில் யாருக்கும் புரியும், அதனால் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் லண்டனில் பஸ், ரயில், விமானத்துக்கு 'கெட் ஆன், கெட் ஆஃப்'. காருக்கு 'கெட் இன், கெட் அவுட்'. எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டி என்றால் 'ஆன்', குனிந்து உட்கார வேண்டிய வண்டி என்றால் 'இன்' என்று வைத்துக்கொள்ளுங்களேன். நம் ஆட்டோவும் 'இன்'தான். அந்த ஊர்க் குழந்தைகள் சாப்பிட்டு முடித்ததும் 'மே ஐ கெட் டௌன்?' என்று கேட்பதுண்டு. மேஜையை விட்டு எழுந்து போகலாமா என்று அர்த்தம்!

வாசலில் நின்று 'போறேன்' என்று சொன்னால் அபசகுனம், 'போயிட்டு வரேன்' என்பதுதான் நம் வழக்கம். அதையே 'ஐ வில் கோ அண்ட் கம்' என்றால் வெள்ளைக்காரர் விழிப்பார். 'ஐ வில் பி பேக்' போதும். திரும்பி வருவேன் என்ற மங்கல வார்த்தை அந்த 'பேக்'கில் இருக்கிறது.

இவையெல்லாம் தப்பினால் சிரித்துவிட்டுப் போகலாம். உடம்பு விஷயத்தில் அப்படி முடியாது. மகளோ மகனோ வெளிநாட்டில் இருக்க, பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கும் தாய்மார்கள் எத்தனை பேர்! பள்ளிக்கூடத்திலிருந்து போன் வருகிறது: 'ஷி ஹேஸ் கம் டௌன் வித் எ ஃபீவர்.' 'ஃபீவர்' காதில் விழுந்தது, 'கம் டௌன்' காதில் விழுந்தது. அப்பாடா, ஜுரம் இறங்கிடுச்சாம் என்று போனை வைத்துவிட்டால்? அவர்கள் சொன்னது நேர் எதிர். குழந்தைக்கு ஜுரம் வந்திருக்கிறது. 'த ஃபீவர் ஹேஸ் கம் டௌன்' என்றால்தான் ஜுரம் இறங்கியிருக்கிறது. வாக்கியத்தின் தலையில் ஜுரம் நின்றால் இறங்குவது ஜுரம். குழந்தை நின்று பின்னால் 'வித்' வந்தால், நோயில் விழுந்தது குழந்தை. அந்த 'வித்'தைத் தவறவிடவே கூடாது.

'ஷி த்ரூ அப் ட்வைஸ்' என்று குழந்தைகள் காப்பகத்தில் எழுதி அனுப்பினால், எதையோ தூக்கி எறிந்தாள் என்று அதட்டாதீர்கள். இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறாள். 'ப்ராட் அப்' என்றால் வளர்த்தாள் என்று அர்த்தம். ஆனால் கைக்குழந்தை குடித்த பாலைக் கக்கினாலும் 'ப்ராட் அப்'தான். 'த ஸ்வெல்லிங் ஹேஸ் கான் டௌன்' என்றால் வீக்கம் வடிந்துவிட்டது.

'பாஸ் அவுட்' இன்னும் மோசம். நம் ஊரில் படிப்பை முடித்து வெளியே வருவது 'பாஸ் அவுட்'. மற்ற இடங்களில் மயங்கி விழுவது! 'மை சன் பாஸ்ட் அவுட் இன் ஏப்ரல்' என்று அந்த ஊர் டாக்டரிடம் பெருமையாகச் சொன்னால், அவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பார். 'கேம் ரவுண்ட்' என்றால் மயக்கம் தெளிந்தது. 'பாஸ்ட் அவே' என்றால் காலமாகிவிட்டார். ஒரு குட்டிச் சொல்தான் வித்தியாசம், எவ்வளவு தூரம் பாருங்கள். நாமும் இறந்தவரைப் 'போயிட்டார்' என்றுதானே சொல்கிறோம்? கெட்டுப்போச்சு, உடைஞ்சுபோச்சு, தீர்ந்துபோச்சு என்று 'போ'வை எங்கெல்லாம் ஒட்டுகிறோம்! பால் கெட்டால் அவர்கள் 'த மில்க் ஹேஸ் கான் ஆஃப்' என்பதும் அந்த மாதிரிதான். ஆனால் 'த அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் கெட்டுப்போகவில்லை, அடித்துவிட்டது.

போனில் இப்படி ஏதாவது குழப்பமாகக் கேட்டால் வெட்கப்படாமல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்: 'வாட் இஸ் ஹெர் டெம்பரேச்சர்?' லண்டனில் 39 என்பார்கள். அது சென்டிகிரேட். நம் தெர்மாமீட்டர் கணக்கில் 102.2. 38 என்றால் 100.4.